மவுஸுக்கு வைத்த பொட்டு

திரையில் அம்புக்குறி இடமும் வலமுமாக ஓடியது. மேலே போகவில்லை, கீழே வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது இதுதான். நான் மவுஸை என் பக்கம் இழுக்கிறேன், அம்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. எனக்குப் பின்னால் ஸ்டூலில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டைப்பிங் கடையில் அப்போது வேலை பார்த்தேன். பத்தாவது முடித்து டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்திருந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். யாராவது குரலை உயர்த்திப் பேசினால் எனக்குப் பதில் வராது. இன்றைக்கும் அப்படித்தான். காஞ்சிபுரத்தில் யாரோ கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளி வாங்கி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மனு எல்லாம் அதில்தான். எந்த வேலையானாலும் மவுஸைப் பிடித்துச் செய்யத்தான் அவர் எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டே பிரிண்ட் எடுக்கலாம் என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பின்னால் உட்கார்ந்திருந்தவரைக் கடையில் நாங்கள் ‘மனு அம்மா’ என்போம். காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி இருந்த இருளர் குடிசைகளிலிருந்து வருவார். ஐம்பது வயதிருக்கும். அதற்கு முந்தின மழையில் ஏரித் தண்ணீர் குடிசைகளுக்குள் வந்துவிட்டது. மேட்டில் வீட்டுமனை கேட்டு இருபத்தாறு குடும்பங்களின் பெயரோடு ஒரு மனு. ஆயுத பூஜைக்கு முன்பே அதை அடித்து வைத்திருந்தேன். பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த அன்று தாலுகா ஆபீசுக்குப் பெரிய அதிகாரி வந்திருந்தார். மனுவை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று மனு அம்மா எட்டு மணிக்கே வந்து, பத்து மணிக்குக் கடை திறக்கும்வரை வாசலில் காத்திருந்தார்.

“எங்க தங்கச்சி வூட்ட வுட்டுட்டாங்க தம்பி. அத்தயும் சேத்துக்க. பன்னெண்டு மணிக்கு அவரு ஜீப்பு ஏறிடுவாராம். அதுக்குள்ள ஆவுமா?”

“ஆய்டும்மா” என்றேன். ஒரு பெயரைச் சேர்த்து பிரிண்ட் எடுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. அப்போதுதான் அம்பு நின்றுபோனது.

மவுஸைத் தட்டினேன், உதறினேன், மேஜையில் வேறு இடத்தில் வைத்துத் தேய்த்தேன். “எங்க வூட்டு ரேடியோ பொட்டியும் இப்டித்தான். ரெண்டு வச்சாதான் பாடும்” என்றார் மனு அம்மா. சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

“இன்னாபா பண்ணிக்கினு கீற?”

சொன்னேன். என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். மவுஸின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். இப்போது அம்பு பக்கவாட்டில்கூட அசையவில்லை. அந்த மெஷினில் மவுஸைச் செருகினால், அணைத்துத் திரும்பப் போட்டால்தான் அது தெரிந்துகொள்ளும். அணைத்துப் போட்டார். மெஷின் முனகிக்கொண்டே எழுந்துவர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகும் அம்பு பழையபடி இடமும் வலமும்தான். பீரோவிலிருந்து புது மவுஸ் ஒன்றை எடுத்து வந்தார். அதன் முனை வட்டமாக இருந்தது. எங்கள் பழைய மெஷினின் முதுகில் அதற்குத் துளையே இல்லை. மணி பதினொன்று.

“பூஜைக்கு முன்ன நல்லாத்தான இருந்துது. யாரு தொட்டது?” என்றவர் திரும்பி மனு அம்மாவைப் பார்த்தார். “ஏம்மா, நீ எதுனா தொட்டியா?”

“ஒயர்ல தொங்கிக்கினு இருந்துது சாமி. வுழுந்துடப் போவுதேன்னு எடுத்து மேல வெச்சேன்.”

“அதான பாத்தேன். கண்ட கையும் பட்டா பேஜாருதான். உங்களுக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டர் மனு? கையில எய்திக் குடுக்கறதுதான?”

“ரெண்டு வாட்டி குடுத்தோம் சாமி. எய்த்து புரியலன்னு திருப்பிட்டாங்க.”

அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூஜைக்கு முந்தின சாயங்காலம், “எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சிடு” என்று சொல்லிவிட்டு முதலாளி பூ வாங்கப் போயிருந்தார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மவுஸை எடுத்து அடிமூடியைத் திருகி, உள்ளே இருந்த உருண்டையை வெளியே எடுத்தேன். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மேலே பொட்டு வைத்தால் கை பட்டு அழிந்துவிடும். அதனால் அந்த உருண்டைக்கே சந்தனத்தை நன்றாகக் குழைத்து வைத்து, குங்குமமும் இட்டு, உள்ளே போட்டு மூடினேன். பக்தியோடுதான் செய்தேன். உருண்டை உருளும்போது அதையொட்டிச் சின்னச் சின்ன உருளைகள் சுழல வேண்டும், அதனால்தான் அம்பு நகர்கிறது என்பதெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

மூடியைத் திருகினால் போதும், சரிசெய்துவிடலாம். ஆனால் திருகினால் முதலாளியின் கண் முன்னால் சந்தனம் கொட்டும். கை மேஜை வரை போனது, நின்றது. “இத நான் தொறந்து பாக்கட்டுமா” என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அவர் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தார், நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கடிகாரத்தின் பெரிய முள் ஆறைத் தாண்டியது. மனு அம்மா கடிகாரத்தை ஒருதரம் பார்ப்பார், வாசலை ஒருதரம் பார்ப்பார். கடைசியில் முதலாளி சலித்துப்போய், கடைத்தெருவில் யாரிடமாவது பழைய மாடல் மவுஸ் கேட்டுப் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் திருகினேன். உருண்டை மஞ்சளும் சிவப்புமாகக் கையில் விழுந்தது. உள்ளே ஓர் உருளையில் சந்தனம் சுண்ணாம்புபோல அப்பி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மனு அம்மா தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். நான் சுரண்டச் சுரண்ட, மேஜையில் உதிர்ந்த மஞ்சள் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்பு மேலே போனது, கீழே வந்தது. தங்கச்சி வீட்டுப் பெயரைச் சேர்த்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு இரண்டாவது பக்கத்தைத் தள்ளும்போது முதலாளி வெறும் கையோடு திரும்பினார்.

“ஓடுதா? பாத்தியா, அந்தம்மா கைய எடுத்ததும் தானா சரியாய்டுச்சி.”

மனு அம்மா என்னைப் பார்த்தார். பார்ப்பது தெரிந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஜீப் கிளம்பிக்கொண்டிருந்ததாம். அதிகாரி கண்ணாடியை இறக்கவில்லை. ஒரு கிளார்க் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மழையையும் அடுத்த மழையையும் அவர்கள் ஏரிக்கரையிலேயே கழித்தார்கள். பிறகுதான் மனை அளக்க ஆள் வந்தது. அரைமணி முன்னால் போயிருந்தால் அன்றைக்கே எல்லாம் நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நடந்திருக்காது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இன்று என் சொந்தக் கடையில் வருகிறவர்கள் எல்லோரும் மேஜை மேல் சாய்ந்து, திரையைத் தொட்டுத்தான் பிழை காட்டுகிறார்கள். யாரையும் நான் தடுப்பதில்லை. அதனால் அன்று நடந்தது இல்லையென்று ஆகிவிடாது.

தீபாவளி கழித்து அவர் இன்னொரு மனுவுக்காக வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். எதையும் தொடவில்லை என்று காட்டுவதைப்போல இருந்தது. முதலாளி உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து படிக்கு வந்தேன்.

“அம்மா, அன்னிக்கு உங்களால இல்ல. நான்தான்.”

“தெரியுமே. ஊக்கு குடுத்ததே நாந்தான?”

“அப்போ நீங்க ஏம்மா சொல்லல?”

“நாஞ் சொன்னா அவரு கேப்பாரா?” என்றார். குரலில் கோபம் இல்லை. “நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன் தம்பி. நீ அந்தப் பொட்டியவே பாத்துக்கினு இருந்த.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் எட்டி முதலாளியைப் பார்த்தார்.

“இங்கியே கீறேன்” என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். முதலாளி போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அப்போதும் அவரிடம் நான் சொல்லவில்லை. மனு அம்மா படிக்கு வெளியே நின்றபடியே, பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நான் அடித்தேன்.