நாங்கள் மிச்சம் பிடித்த தண்ணீர்

சூளகிரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியபோது என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டது வாசலில் நாலு செடி, அவ்வளவுதான். நாங்கள் இருவருமே விருதுநகர்ப் பக்கம் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். சொந்தமாக ஒரு போர் கிணறு என்பது எங்களுக்குப் பெரிய சொத்து. முதல் வருடம் ஆசை தீரத் தண்ணீர் விட்டோம். புல்தரைகூடப் போட்டோம். காலையும் மாலையும் மோட்டார் ஓடியது.

கரண்ட் பில்லைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் பிரிவு. எது எங்கே வீணாகிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அதைச் செய்யாமல் விட்டது வெட்கமாக இருந்தது. புல்லைப் பிடுங்கினோம். எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை மட்டும் நின்றன. அவற்றின் தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினோம். துணி அலசிய தண்ணீர் முருங்கைக்குப் போக ஒரு குழாய் இழுத்தேன். மற்ற இரண்டுக்கும் சொட்டு நீர். வெயில் ஏறுமுன் அவள் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் அன்று குழாயைத் திறக்கமாட்டாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போட்டால் போதும் என்றானது. பில் பாதிக்கும் கீழே இறங்கியது. எலுமிச்சை பூத்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்துக்காரர் தக்காளி போடுகிறவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். விலை கிடைக்காமல் இரண்டு முறை தக்காளியை ரோட்டோரம் கொட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கோடையில் அவர் நிலத்துக்குப் போர் லாரி வந்தது. இரண்டு நாள் துளைத்தார்கள். எங்கள் இலைகளில் படிந்த வெள்ளைத் தூளை மனைவி ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு டேங்கர்கள் வர ஆரம்பித்தன. புதுக் கம்பெனிகளுக்கும் லேஅவுட்டுகளுக்கும் தண்ணீர் போனது.

மூன்றாவது வாரம் எங்கள் போரில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வந்தது. மோட்டாரை இன்னும் கீழே இறக்கினேன். கொஞ்ச நாள் சேறு வந்தது. பிறகு அதுவும் நின்றது.

கோபமாகத்தான் அவரிடம் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"என் பழைய போரும் போயிடுச்சுங்க சார். தக்காளி போட்டு என்னா ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்க. நான் எடுக்கலைன்னா அந்தப் பக்கம் லேஅவுட்காரன் எடுப்பான். கீழ இருக்கிற தண்ணிக்கு யாருங்க வேலி போடுறது?"

அதிகாரிகளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நிலத்துக்காரர் சொன்னதை வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டாள்.

"அப்ப நாம சிறுகச் சிறுக மிச்சம் பிடிச்சதெல்லாம் டேங்கர்லயா போச்சு?"



இப்போது அவரிடமே வாரம் ஒரு டேங்கர் வாங்குகிறோம். சமையலுக்கும் குளிக்கவும் துணி துவைக்கவும் அது சரியாக இருக்கிறது. துணி அலசிய தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்து வைக்கிறோம். செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. எலுமிச்சையை அவளே வெட்டினாள். நான் வெட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிடச் சொன்னாள். போட்டேன். இனி மழை பெய்தாலும் அங்கே விழுகிற தண்ணீர் ஒரு சொட்டு மண்ணில் இறங்காது, நேராக ரோட்டுக்கு ஓடிவிடும். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.