பொத்தையடியில் செருப்பு எண்ணியவர்

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார். பொத்தையடியில் பூ விற்பாரே... அவர்தான்.

காலை ஆறு மணிக்கு வாக்கிங் குரூப்பில் மெசேஜ் பார்த்தேன். தப்பும் தவறுமாக டைப் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பொத்தை என்றால் எங்கள் ஊரை ஒட்டின பாறைக்குன்று. உச்சியில் வெள்ளைக்காரன் காலத்தில் கொடி காட்டிச் சேதி சொல்லக் கட்டின கல் கோபுரம். அதற்குள் யாரோ எப்போதோ ஒரு வேல் நட்டு வைக்க, அது முருகன் சன்னதி ஆகிவிட்டது.

அதனால் யாரும் செருப்போடு ஏறமாட்டோம். வாக்கிங் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், கோபுரத்து நிழலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்... எல்லோரும் அடிவாரத்து வேப்பமரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவது.

படியின் இரண்டு பக்கமும் காடு. வாகையும் உசிலையும் அடர்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்தால் கரடி நடமாட்டம் உண்டு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி மரத்தடியைப் பார்ப்பார். ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டார்ச்சோடு ஏறிவிடுவார். அவரை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

நான் முதல்முறை போனபோது செருப்பை மூலைக்கு ஒன்றாக விட்டுவிட்டேன். "ஏம்மா, சேத்து விடுங்க. ஒரு ஜோடின்னா எனக்கு ஒரு ஆளு. நீங்க பாதி ஆளால்லா ஏறுதிய" என்றார்.

போன வருஷம் திருக்கார்த்திகைக்கு முன்னால் நடந்தது இது. புதுச்செருப்பு, தொலைந்துவிடுமே என்று மஞ்சப்பைக்குள் வைத்து மேலே கொண்டுபோய்விட்டேன். கோபுரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து முருகன் நாமம் எழுதிக்கொண்டு இருந்ததில் பொழுது போனது தெரியவில்லை.

இருட்டி வந்தது. புதருக்குள் என்னமோ உருமினது. விழுந்தடித்து இறங்கினேன், முழங்காலில் தோல் பெயர்ந்துவிட்டது.

அண்ணாச்சி கடையை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மேல நீங்க இருந்தியளா? செருப்ப எங்க?"

பையைத் திறந்து காட்டினேன். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

அப்புறம், "இத யாரு தூக்கப் போறா? கரடியா போட்டுக்கிட்டு நடக்கப் போவுது?" என்றார். சிரித்தார். ஆனால் பூட்டின பூட்டையே மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் 'மஞ்சப்பையம்மா'. அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு எட்டாவது மாதம். பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் பொத்தை ஏறுவதாக வேண்டுதல். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. நேற்று முப்பத்தோராம் நாள், இறங்கியது 5.40 என்று நோட்டில் இருக்கிறது.

இறங்கிவந்து காலை நுழைத்தால் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஏற்கெனவே மஞ்சள் நூல் போட்டு நான் தைத்த வார்தான். மழை தூற ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக்காரர் பைக்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

அண்ணாச்சி யாருக்கோ மாலை கட்டிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போவோமா என்று ஒரு நொடி தோன்றியது... மறுபடியும் ஹாரன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு பைக்கில் ஏறிவிட்டேன்.

குரூப்பில் டீக்கடை அக்காவின் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. "மழைக்குள்ள போவாதிய அண்ணாச்சின்னு சொன்னேன். மஞ்சப்பையம்மா இன்னும் இறங்கல, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்னு போனாரு. அது யாருன்னு எனக்குத் தெரியலயே."

வெகுநேரம் வரவில்லை என்று ஆள்கள் ஏறிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள். கோபுரத்தைத் தாண்டி, பின்பக்கப் பாறையில் சாய்ந்து கிடந்தாராம். நெஞ்சுவலி என்கிறார்கள்.

பின்பக்கம்... நான் உட்கார்கிற இடம்.

கீழேயே செருப்பின் போட்டோ. "இது யாருடையது, அந்த ஆள் பத்திரமாக இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் நூல் தெளிவாகத் தெரிகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.

வீட்டுக்காரர் சொன்னார், "பேசாம இரு. அதே செருப்ப ஊர்ல எத்தனயோ பேரு போடுதாவ. நீயா போயி தலையக் குடுக்காத."

"அவரு என்னையத்தான தேடிப் போயிருக்காரு" என்றேன்.

"பேச்சியம்மா எல்லார் முன்னாலயும் கேட்டா என்ன சொல்லுவ? அடிச்சா?" பேச்சியம்மா அண்ணாச்சியின் வீட்டம்மா.

"வாங்கிக்கிடுதேன்."

பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன். விளக்கு ஏற்றக் கை வரவில்லை. என்னவென்று வேண்டுவது? மகளுக்காகப் போன இடத்தில் இப்படி ஆகிவிட்டதே, இந்தப் பாவம் அந்தப் பிள்ளை வயிற்றைத் தொட்டுவிடுமோ என்றுதான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. இப்படி நினைப்பதற்கும் பயமாக இருக்கிறது.

எழுந்து வந்து பார்த்தால் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "நானும் வாரேன்" என்றார். "ஹாரன் அடிச்சது நான்தான."

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு. பேச்சியம்மா அக்கா பேஸ்புக் பார்க்கிறவர் இல்லை. எடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லவேண்டும். முதல் வார்த்தை என்ன சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

குரூப்பில் கேட்டவர்களுக்கு... அது என் செருப்பு. நான்தான் மஞ்சப்பையம்மா.

அண்ணாச்சி, மேலே யாரும் இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். தேடாமல் போய்வாருங்கள்.