ஒருக்கா மட்டும் கேட்ட கேள்வி

இந்த ஊரில் யாரையும் பார்த்து நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்லிவிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், டோர்ட்முண்ட் நகரத்தின் டிராம் நிறுத்தத்தில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஃபிராவ் க்ரேமரைப் பார்த்து, வாய் சும்மா இருக்காமல், புதிதாகப் படித்த மொழியில் "வீ கேட் எஸ் ஈனன்?" என்று கேட்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் அதற்குப் பொருள். அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு "ஷ்லெஷ்ட்" என்றார். மோசம். அதற்குப் பிறகு இடுப்பு எலும்பு, தூக்கம், மலச்சிக்கல், மகன் பேசாதது என்று வரிசையாக வந்தது. என் டிராம் வந்தது, நின்றது, போனது. நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டு அவரைக் கிளறிவிட்டேன் என்று பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நீ கேட்டாய், நான் சொன்னேன், இதில் மன்னிப்பு எதற்கு என்று என்னை ஒருமாதிரி பார்த்தார்.

நம்ம பக்கம் அப்படியா? துடியலூரில் எங்கள் உறவுக்காரர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, காலில் இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். பார்க்கப் போனவர்களிடம் எல்லாம் "நல்லாருக்கேனுங்க, கால் ஒண்ணுதானுங்க" என்றார். சாப்பாட்டிலும் இதே கதைதான். வீட்டுக்கு வந்தவர் முதல் தடவை "வேண்டாமுங்க, இப்பத்தானுங்க உண்டுபோட்டு வந்தேன்" என்பார். வயிறு காய்ந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால் இழுப்பார். மூன்றாம் தடவை கேட்காமலே இலையைப் போட்டுவிடுவோம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு சும்மா இருப்பவரைப் பற்றி ஊரில் பத்து வருடம் பேசுவார்கள். டோர்ட்முண்டில் ஒருநாள் ஃபிராவ் க்ரேமர் தான் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினார். எட்டு மணி நேர டியூட்டி முடிந்து, காலையிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தேன். "நைன், டாங்க்கெ" என்றேன், வேண்டாம், நன்றி என்று. சரி என்று கேக்கை டப்பாவில் வைத்து மூடிவிட்டார். மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டு மாடியேறி வந்தேன். இதை ஊருக்குப் போனில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு இருமினார். பிறகு வழக்கம்போல "இரு கண்ணு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி, ஆறிய பிறகு எடுக்கும் மோட்டார் பம்பு பாடியில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டி, கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் தருவார்கள், தூசியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. அந்த வெல்லத்தில் பாதியை எனக்குக் கொண்டுவந்து தருவார். வீட்டில் அவர் சட்டையை உதறினால் மாவு சலித்த மாதிரி தரையில் படியும். காலை ஐந்து மணிக்கு அவர் இருமும் சத்தத்தில்தான் நான் எழுந்து படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதற்கும், நர்சிங்கில் இடம் கிடைத்ததற்கும் அந்த இருமலுக்குப் பாதி பங்கு உண்டு என்று தோழிகளிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

டோர்ட்முண்ட் இருக்கும் வட்டாரம் ஒரு காலத்தில் முழுக்க நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்க்கு இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த ஒரு பெயர் இருக்கிறது, 'ஷ்டௌப்லுங்கெ'. தூசி நுரையீரல். ஃபிராவ் க்ரேமரின் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து அதில்தான் போனாராம். மளிகை சாமான் பெயர் சொல்வதுபோல அந்த அம்மாள் அந்த வார்த்தையைச் சொல்வார். கணபதியில் அதே நோய்க்குப் பெயரே கிடையாது. இளப்பு என்பார்கள். வயசாச்சு என்பார்கள். பீடி குடிக்காதவனுக்கும் பீடியால் வந்தது என்பார்கள். நான் முதலில் இங்கே நுரையீரல் வார்டில் நர்ஸ். பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். பட்டறைத் தூசி தொழிலாளிகளின் மூச்சை என்ன செய்கிறது என்று பல நாடுகளில் பார்க்கும் ஆய்வு. கோயமுத்தூரையும் சேர்க்கலாம் என்று சொன்னது நான். கேள்விகளைத் தமிழில் எழுதியதும் நான்தான். ஊருக்கு நல்லது செய்யப் போகிறேன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

கணபதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, மேசை போட்டு, பட்டறைத் தொழிலாளிகளை வரவழைத்தோம். உள்ளூர் நர்சிங் மாணவிகள் கேள்வி கேட்பார்கள். ஆமாம் என்று இரண்டு கேள்விக்காவது சொன்னவர்கள் எக்ஸ்ரேவுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நன்றியும். மாணவிகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது நான் கறாராகச் சொன்னேன்: ஒவ்வொரு கேள்வியையும் தாளில் இருக்கிறபடி ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது, வற்புறுத்தி வாங்கும் பதில் ஆய்வைக் கெடுத்துவிடும். பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த சரண்யா என்ற பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"அக்கா, ஒருக்கா கேட்டா நம்மாளுங்க யாருங்க சொல்லுவாங்க?"

இது விருந்து இல்லை, விஞ்ஞானம் என்று சொன்னேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். சரண்யா முகம் சுருங்கி உட்கார்ந்துகொண்டாள். என் பதில் எனக்கே பிடித்திருந்தது.

கடைசி நாள் அப்பா வந்தார். நான் குழுவோடு விடுதியில் தங்கியிருந்ததால் அந்த முறை வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்ததோடு சரி. தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மகள் ஆபீஸுக்கு வருகிறவர் மாதிரி வந்து வரிசையில் நின்றார். சொந்தக்காரர்களிடம் நாமே கேட்கக் கூடாது என்பது விதி. சரண்யாவின் மேசையைக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் ஆய்வை நடத்தும் எங்கள் ஜெர்மன் பேராசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு அவரையும், அவருக்கு என் வேலையையும் காட்ட எனக்கு ஆசை. அப்பா எதிரில் உட்கார்ந்து "கேளுங்க மேடம்" என்றார். பேராசிரியருக்கு முன்னால் நான் மேடமாகவே இருந்தேன். காலையில் எழுந்ததும் இருமல் உண்டா என்று படித்தேன். "இல்லீங்க" என்றார். சளி உண்டா? இல்லீங்க. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குமா என்று கேட்டபோது மட்டும் என் முகத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"அப்புடியொண்ணும் இல்லீங்க" என்றார்.

நம்மூரில் வளர்ந்த எவருக்கும் அது தெரியும். அப்படியொன்றும் இல்லை என்று ஒருவர் இழுத்தால், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, என்னன்னு சொல்லுங்க என்று கேட்க வேண்டும். நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். ஐந்து மணி இருமலில் கண்விழித்து வளர்ந்த நான், இருமல் இல்லை என்ற கட்டத்திலும் என் கையாலேயே டிக் போட்டேன். அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு பேராசிரியருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வழக்கம்போல கிரைண்டர் வேலைக்குப் போயிருக்கிறார். இரண்டு நாளில் நான் விமானம் ஏறினேன்.

அடுத்த வருடம் ஆடியில் அம்மா கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கொஞ்சம் இளப்பாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். என்னம்மா என்று மறுபடி கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள், அழுதாள். ஆஸ்பத்திரியில் போய் இறங்கியதும் எக்ஸ்ரேவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டோர்ட்முண்ட் வார்டில் கிழவர்களின் எக்ஸ்ரேவில் தினமும் பார்த்த அதே வெள்ளைப் புள்ளிகள், அதே மேல்பகுதியில். அப்பாவால் நான்கு வார்த்தைக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடக்கணக்காக "இரு கண்ணு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்று போனைக் கொடுத்துவிடுவாரே, அப்பாவுக்கு அவ்வளவாகப் பேச வராது என்று நினைத்திருந்தேனே, அது பேச்சில்லாமல் இல்லை, மூச்சில்லாமல்தான். ஒரு நோயாளி ஒரே மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று எண்ணுவது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

நான்காம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். கஞ்சி கொடுத்துவிட்டு, ஏனுங்கப்பா அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சண்டைக்கு நிற்பதுபோலக் கேட்டுவிட்டேன். மாஸ்கை விலக்கி, நின்று நின்று சொன்னார்.

"நீ இன்னொருக்கா... கேப்பேன்னு இருந்தேன் கண்ணு. நீ அடுத்த கேள்விக்குப்... போயிட்ட."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று, வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், உனக்கும் வேலை இருந்தது என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். மண்டபத்துக்கு வந்த அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருந்தாலும் போன நுரையீரல் திரும்பியிருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிரைண்டரை விட வைத்திருப்பேன். ஒரு வருடத் தூசியாவது உள்ளே போகாமல் இருந்திருக்கும். எத்தனை மாதம் கூட இருந்திருப்பார் என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்ளும் கணக்கை இன்னும் நிறுத்தவில்லை. கொடுமுடிக் காவிரியில் பெரியப்பா மகன் சாம்பலைக் கரைத்தபோது கரையில் நின்றிருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் மனசைத் தேத்திக்க அம்மணி என்றார்கள். சரிங்க, சரிங்க என்றேன்.

திரும்பி வந்து பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் பதில்களை ஆமாம் என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிதர், ரொம்ப வருத்தப்பட்டார். பதிலை மாற்ற வழியில்லை, சொந்தக்காரர் கேட்டதால் அந்தத் தாளையே நீக்கத்தான் முடியும் என்றார். என் கண்ணெதிரே அவருடைய வரியை நீக்கினார்கள். அதுவரை ஆரோக்கியமானவர்களின் பட்டியலில் இருந்த அப்பா, அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை. மற்றத் தாள்களையும் நம்ப முடியாது, எல்லாரிடமும் மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சரண்யாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கணபதிக்குப் போய், அந்த வீடுகளில் டீ குடித்து, உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். எத்தனையோ பேர் அக்கா இருமுறாங்க என்றாள். அதற்கு மேல் அவளிடம் நான் கேட்கவில்லை, எனக்குத் தெம்பு இல்லை.

நீங்களும் என்னைப்போல வெளியூரில் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒருதரம் வீட்டுக்குப் பேசுகிறவராக இருந்தால், ஒன்று சொல்கிறேன், வாத்தியார்த்தனம் என்று நினைக்காதீர்கள். நல்லாருக்கோம் என்று அவர்கள் சொன்னதும் அடுத்த பேச்சுக்குப் போய்விடாதீர்கள். இங்கே வந்து நாம் நிறையப் படித்துக்கொள்கிறோம். நேரத்துக்கு வருவது, வரிசையில் நிற்பது, ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது. மூன்றாவது பழக்கத்தை ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். என் சொந்த அப்பாவின் பதிலை டோர்ட்முண்ட் காதால் கேட்டேன்.

போன வாரம் டிராம் நிறுத்தத்தில் ஃபிராவ் க்ரேமர் நின்றிருந்தார். நான் ஊருக்குப் போனது தெரியும், எதற்கென்று தெரியாது. கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வீ கேட் எஸ் ஈனன்?" என்றார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கணவரை அதே நோயில் பறிகொடுத்தவர், சொன்னால் புரிந்துகொள்ளக் கூடியவர் இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "குட், டாங்க்கெ" என்று வந்தது. நல்லாருக்கேனுங்க. நல்லது என்று தலையாட்டிவிட்டு அவர் டிராம் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொருக்கா கேட்பார் என்று நின்றுகொண்டிருந்தேன். டிராம் வந்தது.