தாங்கும் என்று சொன்னவர்

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய டெல்மர், ஓய்வுக்குப் பிறகு குளிர்காலங்களை அரிசோனா பாலைவனத்து முகாமில் தன் டிரெய்லர் வீட்டில் கழித்தார். அங்கே யார் டிரெய்லர் சக்கரத்தில் காற்றழுத்த சென்சார் மாட்டுவதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டயரில் வெயில் படும் முன்பே அழுத்தம் பார்த்துவிடுவார். சூடேறிய டயர் பொய் சொல்லும் என்பார்.

முகாம் நண்பர் வெண்டலும் அவர் மனைவி நோரீனும் கிளம்பிய அன்று, டயருக்குக் காற்றடிக்கும் பித்தளை வால்வுத் தண்டுகள் டெல்மரிடம் தீர்ந்திருந்தன. பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போகிற அவசரம் அவர்களுக்கு. டெல்மர் சக்கரங்களில் ஏற்கெனவே இருந்த ரப்பர் தண்டிலேயே சென்சார்களைத் திருகிவிட்டார். "தாங்கும்" என்றார். மலையிறக்கத்தில் டிரெய்லரின் ஒரு டயர் காற்றிழந்து வண்டி புரண்டது. நோரீன் பிழைக்கவில்லை. ஆணி ஏறியிருக்கும் என்று போலீசார் எழுதினார்கள். சாமான்களை எடுத்துவர நொறுங்கிய வண்டி கிடந்த இடத்துக்குப் போன டெல்மர் மட்டும் அந்தத் தண்டைப் பார்த்தார். அடியில் கிழிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பழைய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வெண்டல் மறுபடி முகாமுக்கு வந்தார். இடையில் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் டெல்மர்தான் அவர் வீட்டுக்குப் போய்வந்திருந்தார்.

"என்ன கிழவா, இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"சாவுக்கே என்னைப் பிடிக்கலடா."

"இந்தா, பழைய சென்சாருங்க. இந்த வண்டியில மாட்டிக் கொடு. நாலுல மூணு தேறிச்சு. அன்னைக்கு காத்து போகுதுன்னு இது கத்தலேன்னா நான் பிரேக்கே தொட்டிருக்க மாட்டேன். நானும் போயிருப்பேன். உன் கைராசிடா."

டெல்மர் சக்கரத்தருகே மண்டியிட்டார். விரலுக்கு ரப்பர் தண்டு தட்டுப்பட்டது.

"இதுல மாட்டக்கூடாது. சென்சாரோட கனத்துக்கு, சுத்தச் சுத்த அடியில கிழிஞ்சிடும். டயரைக் கழட்டிப் பித்தளை போடணும்."

"வயசாக ஆக ரொம்பத்தான் பயப்படறே. போன தடவை இதே ரப்பர்லதானே மாட்டினே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வெண்டல் நம்பியிருப்பார்.

"ஆமா. பித்தளை தீர்ந்துபோச்சு. தாங்கும்னு நான்தான் சொன்னேன்."

வெண்டலின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"ஆணின்னாங்களே?"

"நான் போய்ப் பாத்தேன், வெண்டல். ஆணி இல்ல."

வெண்டல் கையிலிருந்த சென்சார்களை ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ரெண்டு கிறிஸ்துமஸ் எங்கூட உக்காந்து சாப்பிட்டியேடா?"

வெண்டல் டிரக்கில் ஏறினார்.

"அழுத்தமாவது பாத்துட்டுப் போடா! பின்னாடி இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு!" மண்டியிட்டபடியே டெல்மர் கத்தினார்.

கண்ணாடி மேலேறியது. டிரெய்லர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. காற்று குறைந்த அந்தச் சக்கரம் கண்ணிலிருந்து மறையும்வரை டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து டிரெய்லர்காரர்கள் வந்துதான் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.