மூன்று கோடு

மிளகாய்ப்பொடி ஆலையில் அவரை 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வற்றலைக் கிள்ளி, விதையோடு நாக்கில் வைத்து, பத்து எண்ணி, மூட்டைமேல் சாக்கட்டியால் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் சாது, மூன்று என்றால் மூர்க்கம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அரவைக்காரர்கள் கலப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் வயிறு புண்ணாகிவிட்டது. "இனி மிளகாய் உள்ள போச்சுன்னா நான் கத்தியை எடுக்க வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆலை வாசலில் காவலாளி வேலை காலியாக இருந்தது. போய்க் கேட்டார்.

"இன்னொரு நாக்கைக் கொண்டாங்கண்ணே, நாளைக்கே விட்டுடறேன்" என்றார் சின்ன முதலாளி. சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் எப்படிச் சண்டை போடுவது? தேடிப் பிடித்துக் கொண்டுவந்த இரண்டு பேரும் மூன்றாவது மூட்டையிலேயே தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஓடினார்கள்.

மனைவிதான் வழி சொன்னாள். "ஏங்க, கோட்டைத் தப்பாப் போடுங்களேன். அவங்களே உங்கள வாசலுக்குத் தள்ளிடுவாங்க."

மறுநாள் கப்பலில் வந்த அறுபது மூட்டைகள் இறங்கின. மேலே 'சிலி' என்று அச்சடித்திருந்தது.

"மிளகாய் பேர்லயே ஒரு நாடு பாத்தியா, நாக்கு? அங்க பொறந்திருந்தா நீ மந்திரி" என்றார் மூட்டை இறக்குபவர்.

"இங்க வாசலுக்கே விட மாட்டேங்கறாங்க, இதுல மந்திரியாம்."

அறுபதும் பரம சாது. அறுபதிலும் மூன்று கோடு போட்டார். கை கூசியது.

திட்டு வரும் வரும் என்று பதினைந்து நாள் காத்திருந்தார். வந்தது சின்ன முதலாளிதான், கையில் கடிதத்தோடு.

"மூணு ஓட்டல்லேருந்து எழுதியிருக்காங்கண்ணே! நிறம் தூக்குதாம், வாய் எரியலையாம். இனி இதே பக்குவம்தான் வேணுமாம்."

"முதலாளி, அது நான் தப்பாப் போட்ட கோடு..."

"அடக்கமெல்லாம் வேணாம். அந்த மூட்டை தீந்துபோச்சு. இருக்கறதுல கலந்து அதே காரத்தைக் கொண்டாந்துடுங்க. வாசலுக்கு என் மச்சானைப் போட்டாச்சு."

சாயங்காலம் கதவைத் திறந்த மனைவி ஆவலாகக் கேட்டாள். "என்னங்க, தள்ளிட்டாங்களா?"

"இன்னும் உள்ள தள்ளிட்டாங்க" என்றார், வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்து. "இனிமே மூட்டையை ஒரு தடவை, கலந்தப்புறம் ஒரு தடவை."