தாமல் ஏரிக்குப் போன மூன்றாவது செட்

ஒயர்லெஸ் செட் பழுது பார்ப்பவனுக்குக் காது மட்டும் இருந்தால் போதாது, பொறுமையும் வேண்டும். எனக்கு வாய்த்தது காது மட்டும்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் போலீஸ் ஒயர்லெஸ் பட்டறை ஒன்றில் மெக்கானிக்காக இருந்தேன். கெட்டிக்காரன் என்ற பெயரும் இருந்தது. அந்தப் பெயரை நானும் கொஞ்சம் அதிகமாகவே நம்பியிருந்தேன்.

எங்களிடம் சிக்னல் ஜெனரேட்டர் என்று ஒரு கனத்த பெட்டி உண்டு. ஒயர்லெஸ் நிலையத்திலிருந்து வருவது போன்ற மெல்லிய அலையை அது உண்டாக்கும். அதைச் செட்டுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் சின்னத் திருகுகளைத் திருப்பி, மீட்டர் முள் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் பழைய ரேடியோக்களைப் போல வால்வு வைத்த பெட்டி அது. போட்டு அரை மணி நேரமாவது சூடேற விடவேண்டும். அதற்கு முன் அதன் அலை ஓரிடத்தில் நிற்காது. அவசரப்பட்டுத் திருகினால், நிலையம் ஓரிடத்தில் பேச, செட் வேறெங்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. தாமல் ஏரி நிரம்பிக் கரை கசிகிறது, உடனே மூன்று செட் வேண்டும் என்றார்கள். இரண்டை முடித்ததும் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது பெட்டி ஆறிக் கிடந்தது. வாசலில் ஜீப்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எரிச்சலில் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் மூன்றாவதைத் திருகினேன். முள் அழகாக உச்சியில் நின்றது. கடைசியில் நிலையத்தைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். அதையும் செய்யாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் செட்டோடு கரைக்குப் போனவர் ஐம்பதை நெருங்கிய ஓர் ஏட்டு. மேலேயுள்ள ஏரிகளின் நிலவரம் நிலையத்துக்குத்தான் தெரியும். அங்கிருந்து சொன்னதும் கரைக்குக் கீழிருந்த குடிசைகளைக் காலி செய்ய வேண்டும், அதுவரை இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு.

பிற்பகலில் மேல் ஏரி ஒன்று உடைந்தது. நான் அப்போது நிலையத்தில்தான் நின்றிருந்தேன். ஏட்டின் குரல் கணீரென்று வந்தது.

"யாராவது பேசுங்கப்பா. தண்ணி ஏறிக்கினே இருக்குது. ஜனங்க என்னியே கேக்குறாங்க."

"காலி பண்ணுங்க! உடனே காலி பண்ணுங்க!" என்று நிலையக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"கேக்குதா? யாராவது பேசுங்கப்பா."

அவரால் பேச முடிகிறது, கேட்கத்தான் முடியவில்லை. அந்த அறையில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஜீப்பில் பறந்தோம். சாலையெல்லாம் தண்ணீர், போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஏட்டு அதே இடத்தில், செட்டின் மேல் சாக்கைப் போர்த்தி, தான் நனைந்தபடி நின்றிருந்தார். வாயால் உத்தரவைச் சொன்னதுதான் தாமதம், கீழே இறங்கி ஓடினார். கடைசியாக ஒரு கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது கரையைத் தாண்டி வழிந்த தண்ணீர் மார்பளவு இருந்தது. ஆடுகள் சில போயின. மனிதர்கள் எல்லோரும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். அதன் பிறகு செட்டைத் திறந்தேன். ஒரே திருகு, கால் சுற்று. நிலையத்தின் குரல் வந்துவிட்டது. ஏட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

செட் ஏன் கேட்கவில்லை என்று மேலிடம் விளக்கம் கேட்டது. 'மழைநீர் உள்ளே புகுந்திருந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்த ஒரு வரி யார் தலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பத்து நாள் கழித்து ஏட்டு பட்டறைக்கு வந்தார். செட்டை அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்கு அவருக்கு மெமோ வந்திருந்தது.

"தம்பி, மூடிய நல்லாத்தான் மூடினேன். சாக்கு வேற போட்டிருந்தேன். அப்பவும் உள்ள தண்ணி பூந்துடுச்சாபா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"அப்போ என் தப்புதான்" என்றார். பதில் எழுத என்னிடமே பேனா கேட்டார். கொடுத்தேன்.