பாய்நூலால் தைத்த பாதி நாவல்

போன மாதம் மகள் நூலகத்திலிருந்து ஒரு தடித்த ரஷ்ய நாவலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அட்டையிலிருந்த பெயரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். அதன் முன்பாதி முப்பது வருடமாக என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. தோணிப் பாய் தைக்கிற முறுக்குநூலால் தைத்தது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் மீனெண்ணெய் வாடை அடிக்கும்.

தைத்தவன் சேவியர், தோணிக்காரன். நான் உப்புக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். பழைய புத்தகக் கடையில் இருவரும் சேர்ந்து வாங்கிய நாவல் அது. அவன் ஒரே மூச்சில் ஐம்பது பக்கம் தாண்டுவான். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். விரல் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கம்.

அந்தப் பெயர்கள் இருக்கின்றனவே! அதில் வரும் வாத்தியாரை நூறு பக்கம்வரை மூன்று ஆட்கள் என்றே நினைத்திருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன வெட்கம்.

"ஒருத்தரு உள்ள வாராரு. மத்த ரெண்டு பேரும் எங்கன போனாவ?" என்று கேட்டேன்.

சேவியர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே கூறுகெட்டவனே, மூணும் ஒரே ஆளுலே! எனக்குக் கோயில்ல சேவியர், வீட்ல சின்னவன், தோணியில கருவாடு. நான் என்ன மூணு பேராலே?"

அதன்பிறகு வாத்தியார் எனக்கு நெருங்கிவிட்டார். என்னைப்போலவே வாய்திறக்கக் கூசுகிறவர். ஒரு பெண்ணிடம் மனதில் உள்ளதைச் சொல்லப் பனியில் நாள் முழுக்க நடந்தார். பனியை நான் எங்கே கண்டேன்? நம் உப்பளத்தைத்தான் விரித்துக்கொண்டேன். அவர் குளிரில் விறைத்தார். எனக்குக் கண் கூசி வியர்த்தது. கடைசியில் சொல்ல வந்ததைச் சொல்லாமலே காய்ச்சலில் விழுந்தார்.

அப்போதுதான் சேவியருக்கு மாலத்தீவுப் பயணம் வந்தது. அவன் திரும்பும்வரை எனக்குப் போதும்படி, நான் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து அறுபது பக்கம் தள்ளி, புத்தகத்தைக் கத்தியால் இரண்டாக அறுத்தான். இரண்டையும் ஏடு பிரியாதபடி தனித்தனியே தைத்து, பின்பாதியைத் தன் பைக்குள் செருகிக்கொண்டான். அதிலும் பாதியைப் படித்து முடித்திருந்தான்.

"வாத்தியாரு பொழப்பாராலே?" என்று கேட்டேன்.

"பொழச்சிக்கிடுவாருலே. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாத. மிச்சத்த வந்து தாரேன்."

வெங்காயம் ஏற்றிய அந்தத் தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அவன் வீட்டில் யாரும் அவனைச் செத்தவன் என்று சொன்னதில்லை; நானும் சொன்னதில்லை. வேறு புத்தகம் தேடவும் இல்லை. மிச்சத்தை அவன்தானே தரவேண்டும்? வேலை விட்டால் தோணித்துறையைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். தோணிகள் அருகிவிட்டன, தெரிந்த முகங்களும் போயின. நான் மட்டும் வழியை மாற்றவில்லை.

மகள் கொண்டுவந்ததைப் பல நாள் தொடாமல் இருந்தேன். முந்தாநாள் அறுத்த இடத்தைத் தேடிப்பிடித்து விரலை வைத்தேன். நான்காவது பக்கத்தில் வாத்தியார் செத்துப்போகிறார். அதே காய்ச்சல். அதைப் படித்துவிட்டுத்தான் சேவியர் என் முகத்தைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறான். மிச்சத்தை வந்து தருகிறேன் என்றதும் அதே மூச்சில்தான்.

நேற்று வேலை விட்டதும் தோணித்துறைப் பக்கம் போகவில்லை. நேர்வழியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நிமிடம்தான் ஆகிறது.